கார்ட் கைக்கு வரும்வரை

பிரான்சில் அகதித் தஞ்சம் கோரியவர், வதிவிட அனுமதி கிடைக்கும்வரை சட்டப்படி தற்காலிகமாகத்தான் அங்கே தங்கியிருக்கிறார். ஒரு வருடத்தில் வழக்கு முடிந்தவரும் உண்டு. மேன்முறையீடு, மறுவிசாரணை என்று பத்து வருடம் இழுபட்டவரும் உண்டு. தமிழர் பேச்சில் அந்த அனுமதி 'கார்ட்' அல்லது 'விசா'. வேலை, வீடு, கலியாணம் எல்லாமே அதன் பின்னால்தான் நிற்கின்றன.

எழுபதுகளின் இறுதியில் ஒரு சில இலங்கைத் தமிழ் இளைஞர்கள் பரிஸ் நகருக்குப் போனார்கள். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு தொகை பெருகியது. அவர்களில் பலர் லண்டனையோ கனடாவையோ குறிவைத்துப் போய்ப் பரிசில் நின்றுவிட்டவர்கள். வன்னி ஆட்களில் பலர் போனது பிந்தித்தான்: 2009 மே மாதத்தில் போர் முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்து வெளியே விடப்பட்ட பிறகு.

தஞ்சக் கோரிக்கையைத் தீர்மானிப்பது 1952இல் அமைக்கப்பட்ட அலுவலகம். தமிழர் அதை 'ஒப்ரா' என்பார்கள். முதலில் பிரெபெக்சர் எனும் அரச நிர்வாக அலுவலகத்தில் கைரேகை எடுப்பார்கள். வேறொரு ஐரோப்பிய நாட்டில் ஏற்கெனவே ரேகை பதிந்திருந்தால், டப்ளின் விதிப்படி அங்கேயே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு படிவம் கையில் கிடைக்கும். நீண்டகாலமாக இருந்துவரும் நடைமுறைப்படி, ஏன் நாட்டைவிட்டு வந்தேன் என்பதை 21 நாட்களுக்குள் பிரெஞ்சில் எழுதி அனுப்ப வேண்டும். பிரெஞ்சு தெரியாதவர் காசு கொடுத்து 'கேஸ்' எழுதுவிக்கிறார். அதில்தான் பலர் கெட்டுப்போகிறார்கள். ஒரே ஆள் பலருக்கு எழுதும் கதைகள் ஒன்றுபோலவே இருக்கும். நேர்முகத்திலோ, விசுவமடுவில் இருந்து புதுக்குடியிருப்புக்கு எந்தப் பாதையால், எந்த மாதம் இடம்பெயர்ந்தீர்கள் என்பது போன்ற சின்னச் சின்ன விபரங்களில்தான் உண்மை உரசிப் பார்க்கப்படும். நிராகரித்தால் ஒரு மாதத்துக்குள் மொந்த்ரேயில் உள்ள தஞ்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம்.

முகவரியை நிறுவுவதும் சிக்கல்தான். வன்னியில் ஒருவர் இன்ன இடத்தில் வசிக்கிறார் என்பதற்குக் கிராம அலுவலரின் கடிதம் போதும். பிரான்சில் மின்சாரக் கட்டணச் சிட்டையோ, வீட்டுக்காரர் எழுதித் தரும் உறுதிக் கடிதமோ வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்திருக்கும் அறையில் சிட்டை ஒருவரின் பெயரில்தான் வரும். தபால்பெட்டியில் பெயர் ஒட்டாதவருக்குக் கடிதமும் வராது. பதிவுத் தபாலைத் தபாலகம் 15 நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் புதிதாக வந்தவர்கள் தொண்டு நிறுவனமொன்றின் முகவரியைத் தபாலுக்காகப் பதிந்து வைக்கிறார்கள். அண்மைக் காலத்தில் ஒப்ரா தன் அறிவித்தல்களை இணையக் கணக்குக்கு அனுப்புகிறது. கடவுச்சொல்லை மறந்தால் அது வேறொரு தொல்லை.

பெயரும் இலகுவில் தீராத விவகாரம். பிரெஞ்சுப் படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும். தமிழருக்கு அது இல்லாததால் தகப்பன் பெயர் அந்த இடத்தில் ஏறுகிறது. விளைவாகக் கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு இன்னொன்று. அங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பாட்டனின் பெயர். அகதியாக ஏற்கப்பட்டவர் இலங்கைத் தூதரகத்தை நாட முடியாது. அவருடைய பிறப்பு, விவாகப் பத்திரங்களை ஒப்ராவே புதிதாக ஆக்கிக் கொடுக்கும். இடப்பெயர்வுகளில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு இது ஆறுதல்தான். ஆனால் அந்த வேலை முடிய மாதக்கணக்காகும். முதலில் கொடுத்த எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்துப் பிசகினாலும் அது பிள்ளையின் பத்திரம்வரை தொடரும்.

காத்திருப்பவருக்கு அரசு தரும் உதவிப்பணம் தனியாளுக்கு நாளொன்றுக்கு 6.80 யூரோ, தங்குமிடம் கொடுக்காவிட்டால் இன்னும் 7.40 யூரோ. 2019 நவம்பரில் இருந்து அதற்கான வங்கி அட்டையைக் கடையில் தேய்க்கலாம், இயந்திரத்தில் காசு எடுக்க முடியாது. அறை வாடகையைக் கையில் காசாகக் கொடுக்கும் தமிழருக்கு இது பெரிய இடைஞ்சல். ஆறு மாதம் கடந்தும் ஒப்ரா முடிவு சொல்லாவிட்டால் வேலை அனுமதி கேட்கலாம். ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட ஏஜென்சிக்காக ஊரில் பட்ட கடனின் வட்டி ஆறு மாதம் பொறுக்காது. உணவகங்களில் கோப்பை கழுவுவது, துப்புரவு வேலை, பேப்பர் போடுவது என்று பலர் இறங்கிவிடுகிறார்கள், சில வேளை வேறொருவரின் கார்டில். 2015இல் கான் திரைப்பட விழாவின் உயர் விருதைப் பெற்ற 'தீபன்' படத்தின் நாயகனும் முதலில் பரிஸ் தெருவில் விளையாட்டுச் சாமான் விற்றவன்தான். அதில் நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தியும் அகதியாகப் போனவரே.

இரவல் கார்டில் உழைத்தவர் பின்னால் அதற்கு விலை கொடுக்கிறார். தஞ்சம் மறுக்கப்பட்டவருக்கு மிஞ்சும் வழிகளில் ஒன்று, நீண்டகாலம் வசித்து உழைத்ததைக் காட்டி அனுமதி கேட்பது. 2012 நவம்பரில் வந்த சுற்றறிக்கை பொதுவாக ஐந்து வருட வாழ்வைக் கேட்டது. 2025 ஜனவரிச் சுற்றறிக்கை அதை ஏழாக்கிவிட்டது. சம்பளச் சிட்டை வேறு பெயரில் இருந்தால் தான் உழைத்ததை நிறுவுவது பெரும்பாடு. இதை அனுபவத்தில் அறிந்தவர்கள் மருந்துக் கடைச் சிட்டை, பயண அட்டைப் பற்றுச்சீட்டு, வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் வருடவாரியாகக் கோப்பில் போட்டு வைக்கிறார்கள்.

மொழியில் அரசின் ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது. அரசு நடத்தும் இலவச பிரெஞ்சு வகுப்பு அனுமதி கிடைத்தவருக்குத்தான். மொழி அதிகம் தேவைப்படும் காத்திருப்புக் காலத்தில் தொண்டர்களின் வகுப்புத்தான் கதி. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அலுவலகங்களில் அதிகம் எடுபடாது. கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாவிட்டால் மரியாதை தெரியாத ஆள் என்று முகம் சுளிப்பார்கள். பேசாமல் சிரித்துவிட்டுச் சாமான் எடுக்கும் நம்மூர்ப் பழக்கம் அங்கே பிழையாகப் படும்.

இந்தத் தகவலெல்லாம் கைமாறும் இடம் லாச்சப்பல். பரிஸின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தெருக்களில் கருவாடு, முருங்கைக்காய், ஒடியல் மா எல்லாம் வாங்கலாம். அறை காலி, வேலை காலி, நல்ல வழக்கறிஞர் யார் என்ற செய்தியும் அங்கேதான். பக்கத்தில் 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆவணி வாக்கில் அதன் தேர் வீதியுலா வரும்போது, வருடம் முழுவதும் ஒருவரையொருவர் காணாத ஊராட்கள் சந்தித்துக்கொள்கிறார்கள்.

சுவிசில் புகலிட நடைமுறை வேறு. புகலிடம் கோருபவரை எந்த மாநிலத்துக்கு அனுப்புவது என்று அரசே பெரும்பாலும் தீர்மானிக்கும். லொசானுக்கு விழுந்தவர் பிரெஞ்சு படிக்க, சூரிச்சுக்கு விழுந்த அவரது மச்சான் ஜெர்மன் படிக்கிறார். வழக்கு நடக்கும்போது 'என்' அட்டை. நிராகரித்தும் திருப்பி அனுப்ப முடியாதவருக்கு வருடாவருடம் புதுப்பிக்கும் 'எஃப்' அட்டை; அதிலேயே பிள்ளைகள் வளர்ந்துவிட்ட குடும்பங்கள் உண்டு.

பிரான்சில் அகதியாக ஏற்கப்பட்டவருக்குப் பத்து வருடக் கார்ட். அதற்கு அடுத்த நிலைப் பாதுகாப்புப் பெற்றவருக்கு நாலு வருடக் கார்ட். தஞ்சம் கேட்பதற்கு முன்னரே கலியாணம் செய்திருந்தால் மனைவி பிள்ளைகளை அழைப்பது ஓரளவு இலகு. பிறகு செய்தவரிடம் வருமானம், வீட்டின் அளவு எல்லாம் கேட்பார்கள். அகதிக்குத் தரும் பயணப் புத்தகத்தில் இலங்கைக்குப் போக முடியாது. ஆகவே கிளிநொச்சியில் இருந்து தாய் தகப்பனும் பரிசில் இருந்து மகனும் சென்னைக்கோ திருச்சிக்கோ போய்ச் சந்திக்கிறார்கள். கலியாணங்கள் பலவும் அங்கேயே மண்டபம் எடுத்து நடக்கின்றன.