மணல் நம்முடையது, காந்தம் யாருடையது?

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்னும் பழமொழி, இன்றைய உலக வணிகத்தில் அருமண் தனிமங்களுக்கு நன்கு பொருந்துகிறது. மின்சார வாகனத்தின் மோட்டார், காற்றாலை, கைபேசியின் ஒலிபெருக்கி ஆகியவற்றில் பயன்படும் வலிமைமிக்க நிலைக்காந்தங்களுக்கு இவையே மூலப்பொருள்.

2025 ஏப்ரல் 4 அன்று, ஏழு அருமண் தனிமங்களையும் அவற்றைக் கொண்ட காந்தங்களையும் ஏற்றுமதி செய்ய உரிமம் பெற வேண்டும் எனச் சீன அரசு அறிவித்தது. சில வாரங்களில் பல நாடுகளின் வாகனத் தொழிற்சாலைகள் தடுமாறின. காந்தம் கிடைக்காவிடில் ஆகஸ்டு மாதத்தில் மின்சார இருசக்கர வாகன உற்பத்தி நின்றுபோகக்கூடும் என்று பஜாஜ் ஆட்டோ ஜூலையில் எச்சரித்தது. வாகனத்தின் விலையில் சிறு பங்கே வகிக்கும் ஓர் உறுப்பு, வாகனம் முழுவதையும் நிறுத்திவைக்கும் நிலை உருவாயிற்று.

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் மதிப்பீட்டின்படி, 2024-இல் உலகில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,90,000 டன் அருமண்ணில் சீனாவின் பங்கு 2,70,000 டன். இந்தியாவின் பங்கு 2,900 டன். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் வளத்தில் 69 லட்சம் டன்னுடன் இந்தியா மூன்றாம் இடத்தில் உள்ளது. வளம் இருந்தும் வலிமை இல்லாமற்போனது எப்படி? அதற்கான விடையைக் கொச்சிக்கு அருகே, பெரியாறு சூழ்ந்த ஏலூரில் காணலாம்.

1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். அது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல். அக்காலத்தில் எரிவாயு விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்டதால், மணல் மணலாகவே கப்பலேறியது. விடுதலைக்குப் பின், அதை இங்கேயே பிரித்தெடுக்க நாடு முடிவு செய்தது. 1950 ஆகஸ்டு 18 அன்று மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் இணைந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஏலூரில் அமைந்த அதன் ஆலையை 1952 டிசம்பர் 24 அன்று பிரதமர் நேரு திறந்துவைத்தார்.

மணலை அள்ளுவது எளிது, பிரிப்பதே அரிது. பதினேழு தனிமங்களும் வேதிப் பண்பில் உடன்பிறந்தார் போன்றவை. ஒன்றை மற்றொன்றிலிருந்து விலக்க, கரைசலை நூற்றுக்கணக்கான படிநிலைகளில் மீண்டும் மீண்டும் கடத்த வேண்டும். மோனசைட்டில் உள்ள கதிரியக்கத் தோரியத்தையும், எஞ்சும் கழிவையும் பாதுகாப்பாக வைக்க வேண்டும். இந்தப் பிரிப்புக் கலையில்தான் சீனா பல பத்தாண்டுகள் முதலீடு செய்தது. அரசின் ஆதரவு, குறைந்த விலை, சுற்றுச்சூழல் இழப்பைக் கணக்கில் கொள்ளாத போக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து பிறரைச் சந்தையிலிருந்து வெளியேற்றின. 2002-இல் அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் மூடப்பட்டது. அதே காலகட்டத்தில் ஏலூரிலும் மோனசைட்டைப் பதப்படுத்துவது நின்றது. இன்று ஒடிசாவிலிருந்து வரும் அருமண் குளோரைடு இங்கே பிரிக்கப்படுகிறது. உலகச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவிடம் உள்ளது.

மலிவான விலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் செலவையும் நாம் மறத்தலாகாது. தொழிற்சாலைகள் நெருங்கிய ஏலூரில் பெரியாற்றின் மாசு நெடுங்காலமாக மக்களின் கவலையாக உள்ளது. உற்பத்தியைப் பெருக்கும்போது, ஆற்றைக் காக்கும் செலவும் அடக்கவிலையில் சேர வேண்டும். அச்செலவை ஆற்றங்கரை மக்கள்மீது சுமத்திப் பெறும் மலிவு உண்மையான மலிவன்று.

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை, ஆண்டுக்கு 6,000 டன் அருமண் காந்தங்களை உள்நாட்டில் செய்ய ரூ.7,280 கோடித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இது நற்செய்தியே, எனினும் ஆலைகள் எழுந்து, தேர்ந்த தொழிலாளர் உருவாக ஆண்டுகள் ஆகும். அதுவரை சிறு, நடுத்தரத் தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் செய்யத்தக்கது என்ன?

வங்கிகள் ஒரே கடனாளிக்கு ஒரு வரம்புக்கு மேல் கடன் வழங்குவதில்லை. அவர் நேர்மையற்றவர் என்பதால் அன்று. ஒருவரது சரிவு வங்கியையே சரித்துவிடக்கூடாது என்பதால். அதே கண்ணோட்டத்துடன் தங்கள் கொள்முதல் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்த மூலப்பொருள் ஒரே நாட்டிலிருந்து, ஒரே விற்பனையாளரிடமிருந்து வருகிறது? அது ஒரு மாதம் வராவிட்டால் எத்தனை நாள் தாங்கலாம்? மாற்று விற்பனையாளரின் மாதிரிப் பொருளை இப்போதே சோதித்துவைத்தல் நன்று. கூடுதல் கையிருப்பு தேவையெனில், நடைமுறை மூலதனக் கடன் வரம்பை உயர்த்துவது குறித்து, நெருக்கடி வருமுன்னரே கிளை மேலாளரிடம் பேசுங்கள். சரக்கு நின்று, விற்பனை குறைந்த பின் வரும் விண்ணப்பத்தைவிட, கணக்கு நலமாக இருக்கும்போது வரும் விண்ணப்பத்தை ஆராய்வது எங்களுக்கும் எளிது.

மணலைப் பிரிக்க ஏலூர் 1952-லேயே கற்றுக்கொண்டது. கற்ற தொழிலை, விலை குறைந்த காலத்திலும் கைவிடாமல் காப்பதே நாட்டுக்கும் தனி நிறுவனத்துக்கும் நீண்டகாலச் சேமிப்பாகும்.