தெருவிளக்கடியில் புரட்டாசி

புரட்டாசியில் இரண்டு மழை பெய்துவிட்டால் போதும், தஞ்சை வட்டாரத்தில் பறவை பார்ப்பவர்கள் பைனாகுலரும் கையுமாக ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். போகிற வழியில் ஊர்க்கோடித் தெருவிளக்கின் கீழே பத்து நிமிடம் நிற்கலாம் என்பது என் கட்சி. இரவெல்லாம் வெளிச்சத்தைச் சுற்றிய அந்துப்பூச்சிகள் கம்பத்திலும் சுவரிலும் ஒட்டிக் கிடக்கும். கருக்கலிலேயே கரிச்சான் அங்கே பந்திக்கு வந்துவிடும்.

அந்துப்பூச்சி என்றாலே நமக்கு அரிசி மூட்டையும் பட்டுப்புடவையும்தான் ஞாபகம். பாவம், இந்தியாவில் மட்டும் பத்தாயிரம் வகைக்கு மேல் உண்டு. அரிசியிலும் துணியிலும் வாய் வைப்பவை மிகச் சிலவே. அரளியையும் நந்தியாவட்டையையும் தின்று வளரும் புழு, பச்சையும் இளஞ்சிவப்பும் குழைந்த சிறகோடு வெளிவருவதைப் பார்த்தவர்கள் வண்ணத்துப்பூச்சியை அவ்வளவு கொண்டாட மாட்டார்கள். எள்ளுச் செடியில் வளரும் இன்னொன்றின் முதுகில் மண்டையோடு போல ஒரு குறி. பிடித்தால் கீச்சிடும், தேன்கூட்டுக்குள் புகுந்து தேனைத் திருடும்.

விவசாயிகளுக்கு இந்த வேடிக்கை புதிதல்ல. சம்பா வயலில் விளக்குப் பொறி வைப்பதே குருத்துப்பூச்சியின் அந்தைப் பிடிக்கத்தான். பெண் அந்தின் மஞ்சள் முன்சிறகுகளில் ஆளுக்கொரு கரும்புள்ளி இருக்கும். அதன் புழு தண்டைக் குடைந்தால் இளம்பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் விடும் பருவத்தில் வெண்கதிராகும். அதே வயலில் 'டி' வடிவக் குச்சி நடுவது கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்க.

ஐப்பசி நெருங்கும்போது வலசை வந்தவை கூடும். சைபீரியப் பக்கம் குஞ்சு பொரித்த பழுப்புக் கீச்சான் வேலி முள்ளில் கரகரக்கும். தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசை கட்டும். இமய அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் வரும் ஆறுமணிக்குருவி இரவில் பறப்பது. வெளிச்சத்தில் தடுமாறி, களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே வந்து விழுவதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் மரநிழலில் விட்டுவிடுங்கள்.

அந்துப்பூச்சி பார்க்க ஒரு பழைய வெள்ளை வேட்டியும் வெள்ளை பல்பும் போதும். மஞ்சள் வெளிச்சத்துக்கு அவ்வளவாக வராது. அமாவாசையை ஒட்டி, மழை விட்டு, காற்று அடங்கிய இரவாகப் பாருங்கள். ஓரிரு மணி நேரம் பார்த்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேட்டியில் வந்து ஒட்டியதெல்லாம் விடிந்ததும் கரிச்சான் வயிற்றுக்குத்தான் போகும்.