பழஞ்சித்திரங்களும் காப்புப் பூச்சும்

காத்தற்பொருட்டு இடப்பட்ட பூச்சே காலப்போக்கிற் சித்திரத்துக்குக் கேடாய் முடிதலும் உண்டு. மட்டக்களப்பு வாவியை அடுத்துள்ள ஊர்க் கோயில்களில் திருவிழாக் காணும் மர வாகனங்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வண்ணம் உதிராதிருக்க அவற்றின்மேல் வார்னிசு பூசுதல் வழக்கம். ஆண்டுகள் செல்ல அப்பூச்சு மஞ்சளித்துக் கருகும்; கீழுள்ள நீலம் பச்சையாகவும், வெண்மை அழுக்காகவும் தோன்றும். அந்நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் புதுவண்ணம் தீட்டுதல் எளிது. ஆயின், பழைய கைவினைஞனின் தூரிகை வேலை அத்துடன் மறைந்தொழியும். பூச்சினை மட்டும் அகற்றி வண்ணத்தைக் காத்தல் இயலுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வினாவுக்கு அசந்தாக் குகைகளின் வரலாறு விடை தருகின்றது. 19ஆம் நூற்றாண்டில் அங்குப் படியெடுத்த ஓவியர், நிறம் தெளிவுற்றுத் தோன்றுதற்பொருட்டு ஓவியங்களின்மேல் வார்னிசு பூசினர். பின்னர் ஐதராபாத் நிசாம் அரசினர், செக்கோனி, ஓர்சினி என்னும் இத்தாலிய வல்லுநர் இருவரை 1920 முதல் 1922 வரை அப்பணியில் அமர்த்தினர். உதிருந் தறுவாயிலிருந்த வண்ணத்தைப் பிணிக்க அவர்கள் அவலரக்கினைப் பயன்படுத்தினர். உதிர்வு தடைப்பட்டது, ஆயினும் பூச்சு நாளடைவில் மஞ்சளித்து ஓவியங்களை மங்கச் செய்தது. அதனை நீக்கும் பணி இந்தியத் தொல்பொருளியல் துறையின் இரசாயன வல்லுநருக்கு நெடுங்காலப் பணியாயிற்று.

அப்பணி அரிதாதற்குக் காரணம் யாது? புதிய அவலரக்கு மதுசாரத்தில் எளிதிற் கரையும். முதுமையுற்ற அரக்கிலோ மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுதலின், அது எளிதிற் கரையாது. வலிய கரைப்பானை நாடினால் கீழுள்ள வண்ணத்துக்கு ஊறு நேரலாம். அசந்தாவில் வண்ணங்கள் மண்சாந்தின் மீது பசைப்பொருளாற் பிணிக்கப்பட்டவை. ஆதலின் நீரும் அவற்றுக்குப் பகையே. எண்ணெய் வண்ணம் நீரைப் பெரும்பாலும் தாங்கும். வலிய கரைப்பான்களிலோ ஊதி நெகிழும். எனவே, நீக்கவேண்டிய பூச்சின் இயல்பை அறிதல் மட்டும் போதாது. காக்கவேண்டிய வண்ணத்தின் இயல்பையும் முன்னரே அறிதல் வேண்டும்.

செய்முறை பொறுமையை வேண்டுவது. முதலில் சித்திரத்தைப் புகைப்படமெடுத்தல் வேண்டும். உதிரும் இடங்களைப் பிணித்த பின்னரே, கண்ணிற் படாத ஒரு மூலையில் நகக்கண் அளவினதாகச் சோதித்தல் தகும். குச்சியிற் சுற்றிய பஞ்சினை மென்மையான கரைப்பானில் நனைத்து, தேய்க்காமல் உருட்டுதல் வேண்டும். பஞ்சில் மஞ்சட் கறை படிந்தால் பூச்சு நீங்குகின்றது என்பது பொருள். சித்திரத்தின் வண்ணம் ஒரு சிறிது படியினும் அக்கணமே நிறுத்துதல் வேண்டும். பூச்சு முற்றும் நீங்கவேண்டுமென்னும் அவா ஆகாது. ஒரு மெல்லிய படலம் எஞ்சுதல் குற்றமன்று. வண்ணம் போயின் மீளாது.

மேற்படை யாவும் வீசியெறியத்தக்கதென எண்ணுதலும் தவறு. தஞ்சைப் பெரியகோயிலில் நாயக்கர் காலச் சித்திரங்களின் கீழ்ச் சோழர் காலச் சித்திரங்கள் மறைந்திருத்தலை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்பொருளியலார் மேற்படையைச் சிதைக்காது பெயர்த்தெடுத்து வேறு பலகைகளிற் பொருத்தினர். இரு காலத்துக் கலையும் பிழைத்தன.

எனவே, கோயில் வாகனமொன்றின் பழைய பூச்சில் கைவைக்குமுன் அதன் கீழுள்ளது யாதென வினவுதல் அறிவுடைமை. புதிதாக இடும் பூச்சும், பின்வருவோர் ஊறின்றி நீக்கத்தக்கதாயிருத்தல் வேண்டும். நம் கையே இறுதிக் கை அன்று.