ராமேஸ்வரத்தில் நான் பார்க்கத் தவறிய துறை

ராமேஸ்வரம் என்றதும் நம்மவர்களுக்கு நீண்ட பிராகாரமும் இருபத்திரண்டு தீர்த்தங்களும் நினைவுக்கு வரும். ரயில்வேயில் காலம் கழித்த எனக்கோ பாம்பன் பாலம்தான் முதலில் நினைவுக்கு வரும். மீட்டர் கேஜ் நாட்களில் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, மதுரை வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மீன்பிடித் துறைமுகத்தை ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. மீன் வாடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

இம்முறை சென்றது 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தைப் பார்க்க. நீளம் 2.08 கிலோமீட்டர். கப்பலுக்கு வழிவிட, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்தூக்கு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. பக்கத்திலேயே நின்றது 1914-இல் திறந்த பழைய பாலம். ஆட்கள் கைப்பலத்தால் இயக்கி, இரு இறக்கைகளாகத் தூக்கித் திறந்த பாலம் அது. 2022 டிசம்பரோடு அதில் வண்டிகள் நின்றுவிட்டன.

பழைய பாலத்தைப் பார்த்தபோது 1964 டிசம்பர் புயல் ஞாபகம் வந்தது. தனுஷ்கோடி அழிந்தது, பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குள் போனது, பாலத்தின் 126 கர்டர்கள் பெயர்ந்து விழுந்தன. அதைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்று 46 நாட்களில் முடித்தவர் இ. ஸ்ரீதரன், நம் பாலக்காடு மாவட்டத்துக்காரர். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டில்லி மெட்ரோவும் கட்டியவர். கடலடியில் கிடந்த கர்டர்களையே மீட்டுத் திரும்ப ஏற்றியதால்தான் அத்தனை விரைவு சாத்தியமாயிற்று. அவை கிடந்த இடம் பற்றிய தகவலைக் கொண்டுவந்தவர் ஒரு மீனவர் என்று எங்கள் இலாகாவில் சொல்வார்கள். அப்படியானால் ரயில்வேக்காரர்கள் அந்த மக்களுக்குக் கடன்பட்டவர்கள் அல்லவா? மறுநாள் விடியற்காலை, தீர்த்தமாடப் போகும் கூட்டத்தை விட்டு விலகித் துறைமுகத்துக்கு நடந்தேன்.

முந்தின நாள் கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை திரும்பும் நேரம். இறால், நண்டு, கணவாய் என்று பெண்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் பாலக்காட்டுச் சந்தையில் 'கூந்தல்' என்று விற்கிறார்களே, அதுதான் இங்கே கணவாய். ஐஸ் பெட்டிகள் லாரிக்கு ஏறின. ஓரத்தில் பொடி மீன்கள் மலை போலக் குவிந்திருந்தன. அதற்குப் பெயர் 'சங்காயம்'. உலர்த்திக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவார்களாம். வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் குஞ்சுகளும் அதில் கிடந்தன.

படகோட்டி ஒருவரிடம், "பாடு எப்படி தம்பி?" என்று கேட்டேன்.

"டீசல் காசுக்கே பத்தலைய்யா. இறால் கொஞ்சம்தான், மத்ததெல்லாம் சங்காயம். கரையில நிக்கிறவுகளுக்குத்தான் கடல் பெருசு. எங்களுக்கு அது வாய்க்காத்தான்."

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராமேஸ்வரத்திலிருந்து சர்வதேசக் கடல் எல்லை சுமார் 12 கடல் மைல். அதில் கரையை ஒட்டிய 3 மைல், 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்டுப்படகுகளுக்கு உரியது. மீதி 9 மைல், அதாவது ஏறத்தாழ 17 கிலோமீட்டர். பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு போகும் தூரம்கூட வராது! அதற்குள்தான் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் வலை இழுக்க வேண்டும். அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு.

"எல்லை எங்கேன்னு ராத்திரியில் தெரியுமா?" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஜி.பி.எஸ். காட்டும்யா. தெரியாமப் போறதில்ல. மீனு அங்கிட்டுத்தானே இருக்கு" என்றார்.

மழுப்பாமல் சொன்ன பதில் என் மனத்தைத் தைத்தது. சிவப்பு சிக்னலைத் தாண்டுவது ரயில்வேயில் பெருங்குற்றம். ஆனால் சிக்னலுக்கு இப்பால் தண்டவாளமே போதவில்லை என்றால் ஓட்டுபவன் என்ன செய்வான்?

அக்கரையின் நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். அங்கே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலை போடுகிறவர்களும் தமிழர்களே. 2009 வரை நீடித்த போரின் கட்டுப்பாடுகளால் பல்லாண்டுகள் கடலுக்குச் சரிவரப் போக முடியாதிருந்தவர்கள். அவர்களது சிறு வலைகளை நம் விசைப்படகுகளின் இழுவலைகள் அறுத்துவிடுகின்றன. கடலடியையும் துடைத்து அள்ளுகின்றன. இலங்கை 2017-இல் தன் கடலில் இழுவலையைத் தடை செய்தது. எல்லை தாண்டிச் சிக்கும் நம்மவர்களுக்குச் சிறை, படகு பறிமுதல். பிடித்துச் செல்லப்பட்டவனின் வீட்டிலும் அழுகை, வலை அறுந்தவனின் வீட்டிலும் அழுகை. இரண்டும் ஒரே மொழியில்.

இந்த விசைப்படகு முறையின் தொடக்கத்தில் நம் கேரளத்துக்கும் பங்குண்டு. 1953-இல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம்தான் இயந்திரப் படகுகள் பரவ வழி செய்தது. அன்று அது முன்னேற்றம். மீனவர் குடும்பங்கள் பிழைத்தன என்பதும் உண்மை. ஆனால் எந்தப் பாலத்துக்கும் தாங்கும் சுமை இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு. ஆழம் குறைந்த அந்தப் பாக் நீரிணைக்கும் அப்படி ஓர் அளவு இருக்கத்தானே வேண்டும்? ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற மானியத் திட்டம் 2017-இல் தொடங்கப்பட்டது. "கடனை யாருய்யா கட்டுறது? ஆழ்கடல் தொழில் எங்களுக்குப் பழக்கமில்லையே" என்றார் அந்தப் படகோட்டி. புதுத் தொழிலுக்குப் பணம் மட்டும் போதாது, பயிற்சியும் பொறுமையும் வேண்டும் என்பதை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதைக்கு மாறிய எங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

விடைபெறும்போது, "பையன் என்ன செய்றான்?" என்றேன். "பாலிடெக்னிக்ல படிக்கிறான்யா. கடலுக்கு வேணாம்னுட்டேன்" என்றார். நானும் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துத்தான் ரயில்வேக்கு வந்தவன் என்றேன். அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

அடுத்த முறை ராமேஸ்வரம் செல்லும் அன்பர்களே, தீர்த்தமாடிய பின் ஒரு அரை மணி நேரம் அந்தத் துறைக்கும் போய் வாருங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மூக்கைப் பொத்த வேண்டாம். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நம் பாலத்தை மீட்க உதவிய மக்களுக்கு அந்த மரியாதையாவது நாம் செய்ய வேண்டாமா?