குலசேகரன்பட்டினம் ஏவுதளம்: இடத்தேர்வின் இயற்பியல்

செயற்கைக்கோள்களை ஏவுவதற்கான இஸ்ரோவின் இரண்டாவது வளாகத்திற்குத் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு அருகில் உள்ளமையே இத்தேர்விற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அக்கூற்று முழுமையானதன்று.

நிலநடுக்கோட்டில் புவி நொடிக்கு ஏறத்தாழ 465 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. இவ்வேகம் கிழக்கு நோக்கிச் செல்லும் ஏவூர்திக்கே துணைசெய்யும். புவியைக் கண்காணிக்கும் சிறு செயற்கைக்கோள்கள் பலவும் வடக்குத் தெற்காக அமைந்த துருவச் சுற்றுப்பாதைக்கு உரியவை. அப்பாதைக்குப் புவிச்சுழற்சியால் ஆதாயம் இல்லை.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் பறப்புப்பாதை இலங்கையின் மேல் செல்லும். எனவே துருவப் பாதைக்குரிய பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்காகச் சென்று, பின்னரே தெற்கு நோக்கித் திரும்புகிறது. இத்திருப்பத்திற்குச் செலவாகும் எரிபொருள், ஏவூர்தி சுமக்கும் எடையைக் குறைக்கிறது. ஏறத்தாழ 320 டன் எடையுள்ள பி.எஸ்.எல்.வி. இவ்விழப்பைத் தாங்கும், ஏறத்தாழ 120 டன் எடையுள்ள எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ஏவூர்திக்கோ இது பேரிழப்பாகும்.

குலசேகரன்பட்டினத்திற்குத் தெற்கே அண்டார்க்டிகா வரை திறந்த கடலே உள்ளது. திருப்பம் தேவையில்லை. ஆகவே இத்தளத்தின் பயன், அதன் அட்சரேகையைவிட, இலங்கைக்கு மேற்கே அமைந்த அதன் தீர்க்கரேகையையே பெரிதும் சார்ந்துள்ளது எனலாம்.