இசைப் பதிவிறக்கம் திருட்டாகுமா? மலாக்காத் தோட்டப்புறச் சூழலில் ஒரு விளக்கம்

முன்னுரை

உரிமமின்றிப் படியெடுத்த குறுந்தட்டைத் தமிழர் ‘திருட்டுத் தட்டு’ என்பர். மலாய்மொழியும் அதனைச் ‘செத்தாக் ரொம்பாக்’, அதாவது கொள்ளைப் பதிப்பு, என்றே வழங்குகிறது. பணம் செலுத்தாமல் பாடலைப் பதிவிறக்கம் செய்வதையும் பலர் அவ்வாறே குறிப்பர். சட்டமும் அறமும் இவ்வழக்கை ஏற்கின்றனவா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திருட்டின் வரையறை

மலாக்கா 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாக விளங்கியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி 1871இல் இயற்றப்பட்ட சட்டம் 1872இல் இங்கு நடைமுறைக்கு வந்தது. இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டமும் அம்மரபினதே. ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை அவர் இசைவின்றி, நேர்மையற்ற நோக்குடன் எடுக்கும்பொருட்டு நகர்த்துவதே திருட்டு என்கிறது அதன் 378ஆம் பிரிவு. அசையும் பொருள் என்பது பருப்பொருளையே குறிக்கும் என்பது 22ஆம் பிரிவால் பெறப்படும்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கப்பெற்றது. அத்தகைய தோட்டத்தில் மங்கில் வடிந்த பாலை ஒருவன் கவர்ந்தால் மங்கு வெறுமையாகிறது, அது திருட்டு. பாடலைப் பதிவிறக்கம் செய்யும்போதோ மூலம் குறைவதில்லை. படி ஒன்று கூடுகிறது. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை உரிமமின்றித் தட்டுகளாக்கி விற்ற வழக்கில் (டௌலிங், 1985) அமெரிக்க உச்சநீதிமன்றமும் அத்தட்டுகளைத் ‘திருடப்பட்ட பொருள்’ எனக் கொள்ள மறுத்தது.

பதிப்புரிமை மீறல்

திருட்டன்று எனவே குற்றமன்று என்பது பொருந்தாது. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987, படியெடுக்கும் உரிமையை உரிமையாளர்க்கே அளிக்கிறது. விற்பனைக்காகப் படியெடுப்போர்க்குப் படி ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை தண்டமும், ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். சொந்த, இல்லப் பயன்பாட்டுக்காக வைத்திருப்பதை அத்தண்டனைப் பிரிவு விலக்கினும், இசைவின்றிப் படியெடுப்பது உரிமையியல் வழக்குக்கு இடந்தரும். உரிமையாளரே இலவசமாக வழங்கும் பாடலைக் கேட்பது மீறலன்று.

இவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியீட்டாண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள். பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆக்கங்களுக்கு அவர்தம் வாழ்நாளும் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் ஆகும். எனவே ஒலிப்பதிவின் காலம் முடிந்திருப்பினும், 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு இங்கு 2031 வரை காப்பு உண்டு.

அறநோக்கு

வள்ளுவரின் ‘கள்ளாமை’ அதிகாரம் களவை எண்ண அளவிலேயே குற்றமாகக் காண்கிறது. எனினும் பதிவிறக்கம் பால் திருட்டைவிடக் கூலி மறுப்பையே பெரிதும் ஒத்தது. கேட்பவர் கலைஞரைப் பணிக்கு அமர்த்தவில்லை என்பது உண்மையே. ஆயினும் விலைக்கு வைத்த உழைப்பின் பயனை நுகர்ந்து, விலையை மட்டும் மறுக்கிறார். தமிழகத் திரையிசையின் பெருஞ்சந்தை இவ்விழப்பை ஒருவாறு தாங்கும். சிறிய சந்தையையே நம்பியுள்ள மலேசியத் தமிழ்க் கலைஞர்க்கு அது அடுத்த பாடலையே இல்லாதாக்கும்.

முடிவுரை

உரிமமற்ற பதிவிறக்கம் சட்டத்தின்படி திருட்டன்று, உரிமை மீறல். மாணவரைக் கள்வர் எனச் சுட்டுவதினும், கூலியின் அருமையறிந்த தோட்டப்புறக் குடும்பங்களின் பிள்ளைகட்குக் கலைஞரின் உழைப்பும் கூலிக்குரியதே என உணர்த்துவது பொருந்தும், பயனும் தரும்.