வோட்டர் ஐடி கையில் இருக்கு… லிஸ்ட்டில் பேர் இருக்கா? கோவைக்காரர்கள் கவனிக்க

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் நாள். கோவையில் வாக்காளர் அட்டையோடு பூத்துக்குப் போன பலருக்குக் கிடைத்த பதில், 'லிஸ்ட்டில் உங்க பேர் இல்லீங்க' என்பதுதான். ஒரு லட்சம் பேர் வரை விடுபட்டதாக பாஜக வேட்பாளர் அண்ணாமலை புகார் சொன்னார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. ஜனவரியிலேயே இறுதிப் பட்டியல் வந்துவிட்டது, அப்போது ஏன் ஆட்சேபிக்கவில்லை என்று கேட்ட நீதிமன்றம், மனுவைத் தள்ளுபடி செய்தது.

அடுத்த அதிர்ச்சி எஸ்ஐஆர் எனும் சிறப்பு தீவிர திருத்தம். 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுக்க 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. கோவை மாவட்டத்தில் மட்டும் சுமார் 6.5 லட்சம்.

ஏன் இவ்வளவு?

மாநில அளவில் நீக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் கிடைக்காதவர்கள். கோவை, திருப்பூர் எல்லாம் பிழைக்க வந்தவர்களின் ஊர். பனியன் கம்பெனி, ஃபவுண்டரி, சரவணம்பட்டி ஐடி பார்க் என வேலை மாறினால் வாடகை வீடும் மாறும். கேஸ் கனெக்‌ஷனை மாற்றுகிற நாம், ஓட்டை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டுவிடுகிறோம்.

'சொந்த வீடு பொள்ளாச்சியில்தானே இருக்கு?'

அது போதாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, பிரிவு 20-ன்படி, ஓரிடத்தில் வீடு வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் ஓட்டு. வாடகை வீடானாலும் சரி. சில நாள் வெளியூர் போனதற்காக உரிமை போகாது. ஆனால் பெங்களூருவில் ஒன்று, ஊரில் ஒன்று என இரண்டு பதிவு கூடாது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை.

வாட்ஸ்அப் வதந்தி

'பேர் இல்லாட்டியும் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம்' என்று தேர்தல்தோறும் ஒரு ஃபார்வர்டு சுற்றும். தவறு. 'சர்கார்' படம் பிரபலமாக்கிய 49-பி விதிகூட, பட்டியலில் பேர் இருந்து, அந்த ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால்தான் பொருந்தும். பேரே இல்லாதவருக்கு அட்டையும் ஆதாரும் உதவாது.

என்ன செய்யலாம்?

வாக்காளர் சேவை இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டாலே பேர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பேர் இல்லை என்றால் உறுதிமொழியோடு படிவம் 6. பேர் இருந்து முகவரி மட்டும் மாறியிருந்தால் படிவம் 8. விண்ணப்பத்தை நிராகரித்தால் மாவட்ட தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். வேட்புமனு தாக்கல் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் பேர் சேர்க்க முடியாது. விண்ணப்பித்தாலும் பரிசீலனைக்கு நாள் பிடிக்கும் என்பதால், தேர்தல் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருப்பது ரிஸ்க்.

ஆன்லைன் சரிவராத பெரியவர்களுக்கு 1950 என்ற உதவி எண் இருக்கிறது. உங்கள் பகுதி பிஎல்ஓ யார் என்பதையும் அதிலேயே கேட்கலாம்.